அடி தட்டுகிற சேறாகப் பார்த்து இறங்குங்கள்

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நாள் முழுக்கச் சேற்றில் புரளணும், எங்கே போகலாம் என்று சென்னையில் இருக்கிற நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. சில ரிசார்ட்டுகளில் லாரி மண்ணைக் கொட்டித் தண்ணீர் விட்டு வைத்திருப்பார்கள். அதற்குக் காசு கொடுக்க வேண்டாம், நம் ஊரில் நல்ல சேறு சும்மாவே கிடக்கிறது.

என் கணக்கில் நல்ல சேறு என்றால் ஒன்றுதான், காலை வைத்தால் ஒரு கட்டத்தில் அடி தட்டணும். அந்த வகையில் நடவுக்குத் தயாராகிற நெல் வயலை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் உழுது மிதித்து, வயலுக்கு அடியில் ஒரு கெட்டித் தட்டு உருவாகியிருக்கும். வயலில் தண்ணீர் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். மேலே ஒரு சாண் ஆழத்துக்கு வெண்ணெய் மாதிரி குழைந்த மண், கீழே தரை. ஐந்து வயசுப் பிள்ளையும் ஓடலாம், தாத்தாவும் இறங்கலாம்.

எப்போது போவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் குறுவைக்கு மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும், தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து சேர நாள் பிடிக்கும், அதனால் ஜூன் கடைசியிலிருந்து பார்க்கலாம். சம்பாவுக்கு என்றால் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. சென்னைக்காரர்களுக்குச் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்து ஏரிப்பாசன ஊர்கள் கிட்டம். புழுதியில் விதைக்கிற ஊர்களுக்குப் போனால் கால்கூட நனையாது, கேட்டுவிட்டுப் போங்கள்.

அதிலும் சரியான நேரம், டிராக்டரில் கேஜ் வீல் என்கிற, சேறு கலக்கும் இரும்புச் சக்கரம் போட்டு ஓட்டிய பிறகு, பரம்பு அடிப்பதற்கு முன்னால். பரம்பு அடித்து மட்டமாக்கிய வயலில் ஒரு கால் வைத்தாலும் அந்த இடம் பள்ளம், அங்கே தண்ணீர் தேங்கும், வயல்காரர் திட்டுவது நியாயம்தான். உரத்துக்காகத் தக்கைப்பூண்டுச் செடியை மடக்கி உழுத வயல் என்றால் நாற்றம் குடலைப் புரட்டும், அதற்குப் பக்கத்து வயலைக் கேளுங்கள். களைக்கொல்லி தெளித்த வயலில் கண்டிப்பாக வேண்டாம்.

ஏரி, கண்மாய் வேறு கதை. கோடையில் தண்ணீர் வற்றும்போது மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் மீன்பிடித் திருவிழா நடக்கும், ஊரே சேற்றில் இறங்கும், அந்தக் கூட்டத்தோடு இறங்குவது தனி சுகம். ஆனால் தனியாகப் போகாதீர்கள். வண்டல் அள்ளிய குழிகள் உள்ளே இருக்கும், மேலே காய்ந்து வெடித்துக் கெட்டியாகத் தெரியும், கீழே உளை. நான் ஒருமுறை குறுக்கே நடக்கிறேன் என்று போய்த் தொடைவரை இறங்கிவிட்டேன், காலை இழுக்க இழுக்க இன்னும் பிடித்துக்கொண்டது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "இழுக்காதீங்க தம்பி, ஆட்டுங்க" என்று கத்தினார். அதுதான் வழி. காலைச் சின்னச் சின்னதாக ஆட்டினால் இடுக்கில் தண்ணீர் இறங்கும், பிடி தளரும், உடம்பைப் பின்னால் சாய்த்து மெதுவாக உருவணும். நான் வந்தேன், செருப்பு வரவில்லை.

அதனால் கையில் ஆள் உயரக் கம்பு ஒன்று எப்போதும் இருக்கட்டும். முதலில் கம்பு, பிறகு கால். முழங்காலுக்குள் அடி தட்டினால் இறங்கலாம், கம்பு போய்க்கொண்டே இருந்தால் திரும்பிவிடுங்கள். மாட்டுக் குளம்புத் தடமும் நன்றாகச் சொல்லிக் கொடுக்கும், நாலு விரல்கடை ஆழத்தில் தடம் நின்றிருந்தால் மண் தாங்கும். ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் தேய்த்தும் பாருங்கள், நறநறவென்றால் மணல் அதிகம், தோல் சிராய்க்கும். கரிசல் என்றால் ஒட்டிக்கொண்டு விடாது, கோவில்பட்டிப் பக்கம் பத்தடி நடந்தால் காலில் இரண்டு கிலோ ஏறிவிடும், அதில் விளையாடுவதும் ஒன்று, மூட்டை தூக்குவதும் ஒன்று.

ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தால் அங்கே சாக்கடை கலந்திருக்க வாய்ப்பு அதிகம், வேண்டாம். பள்ளிக்கரணை, பிச்சாவரம் மாதிரி சதுப்பு நிலங்கள் பார்க்கிற இடம், இறங்குகிற இடம் இல்லை. கரையோரம் சீமைக்கருவேல முள்ளும் உடைந்த பாட்டிலும் கிடக்கும், நாடா கட்டுகிற பழைய கான்வாஸ் ஷூ போதும்.

உடம்பில் ஆறாத காயம் இருந்தால் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகச் சுலபமாக வரும். சர்க்கரை நோயாளிகள் வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது நல்லது, ஈர மண்ணில் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமி அவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது. போய் வந்த பிறகு காய்ச்சல் வந்தால் சேற்றில் இறங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இடி இடித்தால் வெட்டவெளியில் நிற்கக் கூடாது, இதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

கழுவுவதற்குப் பம்புசெட்டுதான் சரி, கரண்ட் எத்தனை மணிக்கு வரும் என்று முன்பே கேட்டு வையுங்கள், காய்ந்துவிட்டால் முடியிலிருந்து எடுப்பதற்குள் உயிர் போகும். வெள்ளை பனியன் போட்டால் அதை மறந்துவிடுங்கள். அப்புறம், ஆடின ஆட்டத்தில் வரப்பு எங்காவது உடைந்திருந்தால் நாலு கை சேறு அள்ளி வைத்துப் பூசிவிட்டு வாருங்கள், அடுத்த வருஷமும் விடுவார்கள்.