டார்ச் ரிப்போர்ட்ல சிஎம்வி பாசிட்டிவா? அடுத்து என்ன பண்ணணும்

டார்ச்ங்கறது கர்ப்பத்துல சில தொற்றுகள பாக்கற ரத்த டெஸ்ட், அதுல சிஎம்வின்னா சைட்டோமெகலோவைரஸ். ஐஜிஜி (பழைய தொற்ற காட்டற ஆன்டிபாடி) பாசிட்டிவ்னு மட்டும் இருந்தா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணாதீங்க. நம்ம ஊர்ல முக்காவாசி பேருக்கு சின்ன வயசுலயே இந்த வைரஸ் வந்திருக்கும், அத தான் ஐஜிஜி சொல்லுது. ஐஜிஎம் (தொற்று புதுசா வரும்போது வர்ற ஆன்டிபாடி) பாசிட்டிவ்னா கவனிக்கணும், ஆனா அதுவும் பல மாசம் அப்படியே நிக்கும், சிலருக்கு சும்மாவே கூட காட்டும், அதனால ஐஜிஜி அவிடிட்டி டெஸ்ட் (ஐஜிஜி வைரஸ எவ்ளோ இறுக்கமா புடிக்குதுன்னு பாக்கறது) எடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அவிடிட்டி அதிகம்னா தொற்று வந்து 3 மாசம் தாண்டிடுச்சு. கம்மின்னா புதுசா இருக்கலாம், அப்போ ஃபீட்டல் மெடிசின் (வயித்துல இருக்கற குழந்தைக்கான) டாக்டர லேட் பண்ணாம பாருங்க, ஏன்னா புதுத் தொற்றுன்னா மூணுல ஒரு குழந்தைக்கு போக வாய்ப்பு இருக்கு. ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா வாலாசைக்ளோவிர்ங்கற வைரஸ் மாத்திரைய யோசிப்பாங்க, டோஸ் ரொம்ப பெருசு, நீங்களா மெடிக்கல்ல வாங்கி போடாதீங்க.

ரெண்டாவது கர்ப்பம்னா உஷாரா இருக்க வேண்டியது வீட்டுல இருக்கற மூத்த வாண்டுகிட்ட தான். எச்சில்லயும் யூரின்லயும் மாசக்கணக்கா வைரஸ் வரும், குழந்தை பாக்க நல்லா ஓடி ஆடிட்டு தான் இருக்கும். ஊட்டி முடிச்சு மிச்ச சோத்த நாமளே வாயில போட்டுக்கறோம் பாருங்க, அத பிரசவம் வரைக்கும் நிறுத்துங்க (வேஸ்ட் ஆகுதேன்னு மாமியார் சொன்னா வீட்டுக்காரர் தட்டுக்கு தள்ளி விடுங்க). அதே ஸ்பூன், அதே டம்ளர் வேணாம், முத்தம் வாயில இல்லாம நெத்தியில, டயப்பர் மாத்தினா மூக்கு தொடச்சு விட்டா சோப்பு போட்டு 20 செகண்ட் கை கழுவணும். ஏற்கனவே ஐஜிஜி பாசிட்டிவ் ஆனவங்களும் இத பண்ணுங்க, ரிஸ்க் ரொம்ப கம்மி தான், ஆனா பழைய வைரஸ் திரும்ப முழிக்கலாம், இல்ல வேற வகை ஒட்டலாம்.

பிறந்த குழந்தைக்கு தலை சின்னதா இருக்கு, மஞ்சள் காமாலை இறங்கல, உடம்புல செவப்பு புள்ளி, காது டெஸ்ட்ல ஃபெயில், இப்படி எது இருந்தாலும் சிஎம்வி பிசிஆர் (வைரஸ் இருக்கான்னு நேரா பாக்கற டெஸ்ட்) கேளுங்க. யூரின் இல்லன்னா எச்சில்ல எடுப்பாங்க. 21 நாளுக்குள்ள எடுத்தே ஆகணும், அதுக்கப்புறம் பாசிட்டிவ் வந்தா வயித்துலயே வந்ததா வெளிய வந்து ஒட்டினதான்னு பிரிச்சு சொல்றது கஷ்டம். பாதிப்பு அதிகமா இருந்தா முதல் மாசத்துலயே ஆரம்பிச்சு 6 மாசம் வால்கான்சைக்ளோவிர்ங்கற வைரஸ் மருந்து சிரப் குடுப்பாங்க, வெள்ளை அணு குறையும்ங்கறதால அடிக்கடி ரத்தம் எடுப்பாங்க, அதுக்கு பயந்து பாதில விட்டுடாதீங்க.

பிசிஆர் பாசிட்டிவ் ஆனா எந்த அறிகுறியும் இல்லன்னாலும் 10ல ஒரு குழந்தைக்கு பின்னாடி காது கேக்கறது குறையலாம். முதல் டெஸ்ட்ல பாஸ்னு ஃபைல மூடி வைக்காம, ஸ்கூல் போற வயசு வரைக்கும் டாக்டர் சொல்ற இடைவெளில பேரா டெஸ்ட் (காது நரம்பு வேலை செய்யுதான்னு பாக்கறது) எடுத்துட்டே இருங்க.