ஆர்கோ மிதவையின் தரவில் தென்பெருங்கடலின் வெப்பத்தைக் கணக்கிடுதல்

ஆர்கோ மிதவை என்பது கடலில் தானாக மூழ்கி எழுந்து நீரின் வெப்பநிலையை அளக்கும் கருவி. அதன் தரவில் கடலின் வெப்பத்தைக் கணக்கிட, பைத்தானில் ஒரு கோப்பைத் திறந்து வரைபடம் போடத் தெரிந்தால் போதும்.

முதலில் மிதவையைத் தேர்ந்தெடுங்கள். அண்டார்டிகாவை ஒட்டிய மிதவையைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். நான் தெற்கு அட்சரேகை 45 டிகிரிப் பக்கம் போகச் சொல்வேன். மேற்கிலிருந்து வீசும் மேலைக்காற்று மேற்பரப்பு நீரை வடக்கே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. அது காற்றிடமிருந்து வெப்பத்தை வாங்கியபடி வடக்கே நகர்ந்து, 40–50 டிகிரிக்குள் கீழே இறங்குகிறது. வெப்பத்தை வாங்கும் இடம் ஒன்று, அது சேரும் இடம் வேறு.

பிரான்சின் இஃப்ரமேர் தரவு மையத்தில் கோப்புகள் இலவசம். மிதவை ஏறத்தாழ 10 நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் ஆழத்திலிருந்து அளந்தபடி மேலே வரும். திருத்தப்பட்ட அளவுகளில் தரக்குறி 1 (நல்ல அளவு) உள்ளவற்றை மட்டும் எடுங்கள். ஆர்கோ தரவுக்கான பைத்தான் நூலகமான ஆர்கோபை, அதன் ஆய்வுப் பயன்முறையில் (research) இதைத் தானே வடிகட்டித் தரும். ஆனாலும் புதியவர்கள் எக்ஸ்அரே என்ற பைத்தான் நூலகத்தில் திறந்து ஒருமுறை கையால் வடிகட்டுவதே நல்லது. எக்ஸெல் பக்கமே போகாதீர்கள்.

அடுத்து, கடல்நீரின் பண்புகளைக் கணக்கிடும் ஜிஎஸ்டபிள்யூ நூலகத்தைக் கொண்டு வெப்பநிலையைக் காப்பு வெப்பநிலையாகவும் (நீரிலுள்ள வெப்பத்தின் அளவை நேராகக் காட்டுவது), அழுத்தத்தை ஆழமாகவும் மாற்றுங்கள். 2000 டெசிபார் அழுத்தம் என்பது ஏறத்தாழ 1975 மீட்டர்தான்.

இனி, வெப்பநிலையை ஆழம் முழுவதற்கும் கூட்ட வேண்டும். வழுக்கும் இடம் இதுதான். இந்த நூலகம் ஆழத்தைக் கழித்தல் குறியோடு தரும். மேலிருந்து கீழாக அப்படியே சரிவக முறையில் (அடுத்தடுத்த இரு அளவுகளின் சராசரியை இடைப்பட்ட ஆழத்தால் பெருக்கிக் கூட்டுவது) கூட்டினால் விடையின் குறி தலைகீழாகிவிடும். சூடேறிய கடல் குளிர்ந்ததாகக் காட்டும். ஆழத்தின் குறியை முதலிலேயே மாற்றிவிடுங்கள். அதன் பிறகும் 60 டிகிரிக்குத் தெற்கே கழித்தல் விடை வரலாம். அது பிழையன்று. அங்கே குளிர்கால நீர் மைனஸ் 1.8 டிகிரி வரை இறங்கும். பூஜ்ஜியம் நாமாக வைத்துக்கொண்ட தொடக்கப்புள்ளி, அவ்வளவுதான். தனி எண்ணுக்குப் பொருளில்லை, வித்தியாசத்துக்கே பொருள். ஆகவே அதே இடத்துக்கும் அதே பருவத்துக்கும் உரிய சராசரியை, நீண்டகால அளவுகளின் தொகுப்பான உலகப் பெருங்கடல் அட்லஸிலிருந்து எடுத்துக் கழியுங்கள். மிதவையின் பழைய அளவைக் கழிக்கக் கூடாது, ஏனென்றால் அது நீரோட்டத்தோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது.

வித்தியாசத்தை கடல்நீரின் அடர்த்தி 1025 (கன மீட்டருக்குக் கிலோ), வெப்பக் கொள்ளளவு 3992 (கிலோவுக்கு, டிகிரிக்கு ஜூல்) ஆகியவற்றால் பெருக்குங்கள். 2000 மீட்டர் முழுவதும் 0.1 டிகிரி கூடியிருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 82 கோடி ஜூல் வரும். பத்தாண்டுக்குப் பகிர்ந்தால் 2.6 வாட். ஒரே அளவீட்டில் இதைவிடப் பல மடங்கு வந்தால் துள்ள வேண்டாம்; கடல் சுழல் ஒன்று கடந்திருக்கும். நிறைய அளவீடுகளின் சராசரி வேண்டும்.

பிற்சேர்க்கை: 1500 மீட்டருக்குக் கீழே விடை வெறுமையாக வருகிறது என்று பின்னூட்டத்தில் சிலர் கேட்டிருந்தார்கள். அட்லஸின் மாதாந்தரத் தரவு அந்த ஆழத்தோடு நின்றுவிடும். அதற்குக் கீழே பருவத் தரவை எடுங்கள். குளிர்காலத்தில் மிதவையின் இடம் நேர்கோட்டில் நகர்கிறதே என்றார் இன்னொருவர். பனிக்கு அடியில் இருக்கும் மிதவை மேலே வராமல் அளவுகளைச் சேமித்துப் பிறகு அனுப்புகிறது. அந்த இடங்கள் ஊகித்து இட்டவை, அவற்றின் தரக்குறி 8.