பழைய பைக்குக்கு ஆழமான ஆயில் சம்ப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் மாத மதியத்தில் பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொண்ட பழைய பைக்காரருக்கு, ஆழமான ஆயில் சம்ப், அதாவது இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி, மாட்டினால் என்ன என்று தோன்றுவது இயல்புதான். ஒரு லிட்டர் ஆயில் கூடுதலாக இருந்தால் இன்ஜின் அந்த அளவுக்குச் சூட்டிலிருந்து தப்பிக்கும் என்பது கணக்கு. பல வண்டிகளில் அந்தக் கணக்குக்கே இடமில்லை.

மைசூரில் தயாரான ஜாவாவும் யெஸ்டியும் டூ-ஸ்ட்ரோக். இன்ஜினுக்கான ஆயில் பெட்ரோலோடு கலந்தே போய்விடும். அடியில் இருப்பது கியர்பாக்ஸ் ஆயில். பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட்டில் ஆயில் கிராங்க் கேஸோடு சேர்த்து வார்த்த தனி அறையில் நிற்கிறது. கீழே வடிவதைப் பம்ப் அந்த அறைக்கே திருப்பி அனுப்பிவிடும். கழற்றி மாற்றுவதற்கு அங்கே சம்ப் என்று தனியாக எதுவும் கிடையாது. இன்ஜினின் அடியில் சுற்றிலும் போல்ட் போட்ட தட்டு இருந்தால்தான் இந்த வேலை. 1969-ல் அறிமுகமான ஆர்75/5 வரிசை பிஎம்டபிள்யூ பாக்ஸர்களிலும் (இரண்டு சிலிண்டர்களும் எதிரெதிராகப் படுத்திருக்கும் வண்டிகள்), எழுபதுகளின் ஜப்பான் வண்டிகள் பலவற்றிலும் அப்படி இருக்கிறது.

சரி, உங்களுடையது அப்படிப்பட்ட வண்டி என்றே வைத்துக்கொள்வோம். இன்ஜினைக் கொல்லக்கூடிய தவறு, மாட்டி முடித்து ஆயில் ஊற்றும்போது நடக்கிறது. பாக்ஸரில் பில்டரோடு சேர்த்துச் சுமார் இரண்டேகால் லிட்டர் பிடிக்கும். புதிய சம்ப் ஒரு லிட்டர் பெரியது. மெக்கானிக் பழக்க தோஷத்தில் அதே இரண்டேகால் லிட்டரை ஊற்றிவிடுவார். ஆயில் மட்டம் ஒரு லிட்டர் அளவுக்குக் கீழே இறங்கி நிற்கும். பம்ப் ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயை நீட்டாமல் பழைய உயரத்திலேயே விட்டிருந்தால், அது பாதி நேரம் காற்றைத்தான் உறிஞ்சும். நேராக ஓட்டும்போது தெரியாது. பிரேக் பிடித்து ஆயில் முன்னால் ஓடும்போது பிரஷர் லைட் கண் சிமிட்டும். அந்த லைட் தினமும் சிமிட்டினால் பேரிங்குக்கு ஆயுள் இல்லை.

எவ்வளவு கூடுதல் என்பதைக் கிட் விற்றவர் வாய்வார்த்தையில் விடாமல் நாமே அளந்துவிடலாம். பழைய சம்பையும் புதியதையும் மட்டமாக வைத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி அளவு எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கூடுதலாக ஊற்ற வேண்டிய ஆயில். சம்புக்கு மேலே வளையம் வைத்து ஆழப்படுத்தும் கிட் என்றால், அந்த வளையத்தின் கொள்ளளவை அளக்க வேண்டும். அளந்த சம்பை நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகே மாட்டுங்கள். ஆயில் ஊற்றியதும், மட்டம் பார்க்கும் குச்சியான டிப் ஸ்டிக்கில் பழைய மேல் கோட்டுக்கே மட்டம் வர வேண்டும். கணக்கும் கோடும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ தவறு. பாக்ஸர் டிப் ஸ்டிக்கைத் திருகாமல், மரையின் மேல் உட்கார வைத்துப் பார்ப்பதுதான் முறை. திருகிப் பார்த்தால் இல்லாத ஆயில் இருப்பதுபோல் காட்டும். பெரிய சம்ப்தானே என்று கோட்டுக்கு மேலே ஊற்றுவதும் வேண்டாம். கிராங்க் அடித்து ஆயில் நுரைக்கும், இன்ஜின் உள்காற்றை வெளிவிடும் பிரீதர் குழாய் வழியாக ஏர் பில்டருக்குப் போய்ச் சேரும்.

பிக்கப்பை நீட்டாமல் விட்டாலும் மட்டம் சரியாக இருந்தால் வண்டி ஓடும். ஆனால் அடியில் நிற்கும் கூடுதல் ஆயில், மட்டம் இறங்கும் நாளில் உதவிக்கு வராது. நீட்டுவதே நல்லது. நீட்டினால் குழாயின் வலைக்கும் சம்பின் தரைக்கும் நடுவே 6 முதல் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஒட்டி நின்றால் உறிஞ்ச முடியாமல் திணறும். வலையின் அடியில் களிமண் உருண்டை ஒட்டி, சம்பை ஒருமுறை வைத்து எடுத்தால் நசுங்கிய தடிமன் இடைவெளியைச் சொல்லிவிடும். நீட்டிய இணைப்பில் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் அல்லது ஓ-ரிங் விட்டுப்போனால் வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது, உள்ளே காற்று நுழையும். அதனால்தான் இந்தக் கோளாறு லேசில் பிடிபடுவதில்லை. அந்த இடத்துப் போல்ட்டுகளுக்கு லாக் பசை கட்டாயம். உள்ளே கழன்று விழுந்தால் எடுக்க மறுபடி சம்பைத்தான் இறக்க வேண்டும்.

கிட் விலையைப் பார்த்து மலைத்துப்போய், பழைய சம்பை அறுத்து நடுவில் அலுமினியப் பட்டை வைத்து வெல்டு பிடித்துத் தரச் சொல்பவர்கள் உண்டு. பீன்யா தொழிற்பேட்டையில் இதைச் சுத்தமாகச் செய்யக்கூடிய கைகள் இருக்கின்றன. சிக்கல் பழைய வார்ப்பில்தான். பல வருட ஆயில் ஊறிய அலுமினியத்தில் வெல்டு நுண் துளைகளோடு உட்காரும். சூட்டில் விளிம்பும் வளையும். தடித்த கண்ணாடி மேல் கவிழ்த்து, இடுக்கை அளக்கும் மெல்லிய தகடான பீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். வெளியே சுண்ணாம்பு பூசிக் காயவைத்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு விடுங்கள். ஈரக்கறை தெரிந்தால் அங்கே கசிவு. பளபளப்புக்காக மணல் பிளாஸ்டிங் கொடுப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மூலையில் ஒளிந்த ஒரு சிட்டிகைத் துகள் போதும், கிராங்க் பேரிங்கைத் தேய்த்துவிட.

கேஸ்கெட்டுக்கு மேல் தாராளமாகச் சிலிகான் பிதுக்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். உள்பக்கம் பிதுங்கியது உரிந்து போய் வலையை அடைக்கும். கேஸ்கெட் நல்லதாக, இரண்டு முகமும் சுத்தமாக இருந்தால் சிலிகானே வேண்டாம். போல்ட் எம்6 (6 மி.மீ. மரை) என்றால் இறுக்கும் விசைக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் என்பதே மேல் எல்லை. உங்கள் வண்டியின் கையேடு குறைவாகச் சொன்னால் அதுவே சரி. வளையம் வைத்த கிட்டுக்குப் நீளம் போதாத போல்ட்டைப் போட்டால் நான்கைந்து மரைதான் பிடிக்கும், இறுக்கும்போது அலுமினியத்தைப் பிடுங்கிக்கொண்டு வரும். அதிக நீளமானது குழியின் அடியில் முட்டி நிற்கும். இறுகிவிட்டதுபோல் தோன்றும், கேஸ்கெட் அழுந்தியிருக்காது.

சூட்டைப் பற்றி இவ்வளவு சொல்லலாம். ஆயில் அதிகமானால் உச்ச சூட்டுக்குப் போக நேரம் பிடிக்கும், அவ்வளவே. வெளியேறும் வெப்பத்தைத் தீர்மானிப்பது சம்பின் பரப்பும் அதன் மேல் படும் காற்றும். சிக்னலில் காற்று ஏது? கிருஷ்ணகிரி தாண்டி ஓடும் வண்டிக்கு, துடுப்பு வைத்த சம்ப் நிச்சயம் உதவும். அல்சூரிலிருந்து சிவாஜிநகர் வரை மட்டும் போய்வரும் வண்டிக்கு நேர்மாறு. டிசம்பர் காலையில் ஆயில் சூடேறவே இல்லை என்றால் உள்ளே படியும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கி, டிப் ஸ்டிக்கில் மோர் நிறத்துக் கசடாக நிற்கும். அப்படி ஓட்டுபவர்கள் பணத்தை மிச்சம் பிடித்து ஆயிலை அடிக்கடி மாற்றுங்கள்.

மிச்சமிருப்பது தரையிலிருந்து உயரம். வேகத்தடை 10 செ.மீ. உயரம் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் வரையறுத்திருக்கிறது. நம் தெருவில் கட்டுபவர்கள் அதைப் படித்தவர்கள் அல்லர். ஸ்டாண்டில் நிறுத்தி அளக்காமல், இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் ஆயில் வடிக்கும் டிரெயின் பிளக்கின் தலையிலிருந்து அளங்கள். தொங்கும் முதல் பொருள் அதுதான். பிளக் பக்கவாட்டில் உள்ள சம்ப் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சென்டர் ஸ்டாண்டும் சைலன்சர் இணைப்புக் குழாயும் சம்பில் உரசுகின்றனவா என்பதை ஆயில் ஊற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.