பொழுதுபோக்காக வரைபவர்களுக்கு ஒரு தளம் தொடங்குவது எப்படி

டிஜிட்டலில் வரைபவர்களுக்குப் படம் போட இடமா இல்லை? டீவியன்ட் ஆர்ட் 2000-லிருந்து இருக்கிறது, பிக்சிவ் 2007-லிருந்து, ஆர்ட்ஸ்டேஷன் 2014-லிருந்து. இன்ஸ்டாகிராம் இருக்கவே இருக்கிறது. அப்படியிருக்க நீங்கள் தொடங்கப்போகும் சின்னத் தளத்துக்கு ஒருவர் எதற்கு வர வேண்டும் என்பதை முதலில் யோசியுங்கள். நான் இப்படி ஒரு தளத்தைப் பல வருடமாக நடத்துகிறேன், என்னிடம் இருக்கும் பதில் ஒன்றுதான்: பெரிய இடங்களில் லைக் வரும், பதில் வராது. "தோள் சரியாக இருக்கிறது, ஆனால் இடது முழங்கை கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது, அதை இடுப்புக்கு மேலே தூக்கிப் பாருங்கள்" என்று சொல்ல அங்கே ஆள் கிடைப்பது அபூர்வம். அதைச் சொல்ல நாலு பேர் இருக்கும் இடமாக உங்கள் தளம் இருந்தால் போதும், வந்தவர்கள் போகமாட்டார்கள். சாஃப்ட்வேர், விதிமுறை, பேக்கப் என்று கீழே நான் சொல்லும் எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான்.

அதனால் "டிஜிட்டல் ஓவியர்கள் எல்லோருக்கும்" என்று தொடங்காதீர்கள். பிக்சல் ஆர்ட் (கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து வரைவது), காமிக்ஸ் பக்கங்கள், கேரக்டர் டிசைன், கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் வரைபவர்கள், பிளெண்டரில் முப்பரிமாண மாடல் செய்பவர்கள் என்று ஏதாவது ஒன்றை எடுங்கள். பிக்சல் ஜாயின்ட் தளம் பிக்சல் ஆர்ட் ஒன்றை மட்டுமே வைத்துக்கொண்டு, வாராவாரம் ஒரு போட்டி நடத்திக்கொண்டு, எத்தனையோ பெரிய தளங்கள் மறைந்த பிறகும் நின்றது. எவ்வளவு குறுக்கலாம் என்பதற்கு என்னிடம் ஒரு அளவுகோல் உண்டு: தளத்தில் இருக்கும் யாரும் இன்னொருவரின் படத்தைப் பார்த்து உருப்படியாக ஒரு வரி சொல்ல முடிய வேண்டும். முப்பரிமாண மாடல் செய்பவருக்கு வாட்டர்கலர் பிரஷ் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்றால், அந்த இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் அவரவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, அடுத்து ஆட்கள். தளத்தைக் கட்டுவதற்கு முன்னாலேயே ஏழெட்டுப் பேரைச் சேர்த்துவிடுங்கள். நன்றாக வரைபவர்கள்தான் வேண்டும் என்றில்லை, மற்றவர் படத்தை நின்று பார்க்கும் பழக்கம் உள்ளவர்களாக இருந்தால் போதும். ஒவ்வொருவரும் நாலைந்து படங்களைப் போட்டு, ஒருவருக்கொருவர் பேசத் தொடங்கிய பிறகு கதவைத் திறங்கள். முதல் நாளே இருபது பிரிவுகள் வைத்தால் பதினேழு காலியாகக் கிடக்கும், வருபவருக்கு ஆள் காலிசெய்துவிட்டுப் போன வீடு போலத் தெரியும். முடித்த படங்கள், பாதியில் நிற்கும் படங்கள், பொதுப் பேச்சு என்று மூன்று போதும்.

சாஃப்ட்வேர் விஷயத்தில் ரொம்ப அலசத் தேவையில்லை. இப்படிப்பட்ட தளம் நடத்த உதவும் மென்பொருள்களில் பிஎச்பிபிபி பழையது, இலவசம், ஒரே சர்வரைப் பலர் பகிரும் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கிலேயே ஓடும். டிஸ்கோர்ஸ் பார்க்க நவீனமாக இருக்கும், மொபைலில் அருமையாக வேலை செய்யும், ஆனால் அதற்குத் தனி சர்வரும் குறைந்தது 1 ஜிபி நினைவகமும் வேண்டும், அதை நிறுவப் பயன்படும் டாக்கர் என்ற மென்பொருளோடு மல்லுக்கட்டவும் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு எதைப் பழுதுபார்க்கத் தெரியுமோ அதையே எடுங்கள். "டிஸ்கார்ட் சர்வர் ஒன்று திறந்தால் போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். அரட்டைக்கு அது நல்லதுதான். ஆனால் அங்கே போட்ட படம் பத்து நிமிடத்தில் மேலே ஓடிவிடும், மூன்று மாதம் கழித்து ஒருவர் தன் பழைய படத்துக்கு வந்த திருத்தங்களைத் தேடினால் கிடைப்பது பெரும்பாடு. அரட்டை அங்கே நடக்கட்டும், படமும் படத்துக்கான பேச்சும் தளத்தில் இருக்கட்டும். டொமைன் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், தானாகப் புதுப்பிக்கும்படி வைக்க வேண்டும். பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகவே தருகிறது, அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இப்போது படங்களுக்கு வருகிறேன், இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மற்ற தளங்களுக்குப் படம் என்பது கூடுதல் அலங்காரம், நமக்கு அதுதான் சரக்கு. அதைச் சிதைக்காமல் காட்டத் தெரியாத தளம் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

முதலில், படங்களை உங்கள் சர்வரிலேயே வையுங்கள், அல்லது நீங்கள் நேரடியாக வாடகை கட்டும் சேமிப்பிடத்தில் வையுங்கள். இடம் மிச்சம் என்று வெளி இலவசத் தளத்தில் ஏற்றி இணைப்பை மட்டும் ஒட்டச் சொல்லாதீர்கள். 2017-இல் ஃபோட்டோபக்கெட் என்ற படச் சேமிப்புத் தளம் தன் விதியை மாற்றி, வேறு தளங்களில் படம் தெரிய வேண்டுமானால் வருடத்துக்கு ஏறத்தாழ 400 டாலர் கட்டு என்றபோது, பல வருடப் பதிவுகளில் படம் இருந்த இடமெல்லாம் ஒரே நாளில் அறிவிப்புப் பலகையாக மாறியது.

அப்புறம் நிறம். இதை நான் அனுபவப்பட்டே கற்றுக்கொண்டேன். எங்கள் தளத்தில் ஒருவர் ஐபேடில் வரைந்த அந்திவானப் படத்தைப் போட்டார். அவர் திரையில் கொதிக்கும் ஆரஞ்சு, தளத்தில் பார்த்தால் சாம்பல் பூசிய ஆரஞ்சு. தன் நிறத் தேர்வில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து வானத்தை மறுபடி தீட்டியிருக்கிறார். தப்பு அவருடையதே இல்லை. அவருடைய கோப்பு டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான நிறவெளியில் இருந்தது, எங்கள் தளம் படத்தைச் சிறிதாக்கும்போது எந்த நிறவெளி என்று சொல்லும் கலர் புரொஃபைலை உள்ளேயிருந்து பிய்த்துப் போட்டுவிட்டது, புரொஃபைல் இல்லாத படத்தை பிரவுசர் எஸ்ஆர்ஜிபி (இணையத்தின் வழக்கமான, குறுகலான நிறவெளி) என்று எடுத்துக்கொண்டு மங்கலாகக் காட்டியது. அவரிடம் மன்னிப்புக் கேட்டு, அன்றைக்கே அமைப்பை மாற்றினேன். படத்தைச் சிறிதாக்கும்போது எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டுப் பிறகு புரொஃபைலை நீக்குவது, அல்லது நீக்காமலே விடுவது, இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள்.

தளத்தைத் திறப்பதற்கு முன் சில சோதனைப் படங்களை ஏற்றிப் பாருங்கள். 32-க்கு 32 அளவுள்ள ஒரு பிக்சல் ஆர்ட்: பிரவுசர் அதைப் பெரிதாக்கும்போது ஓரங்களை வழவழவென்று ஆக்கிவிடும், தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைல் (CSS) கோப்பில் image-rendering: pixelated என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் கட்டம் கட்டமாகக் கூர்மையாக நிற்கும். கருப்புக் கோட்டில் வரைந்த, பின்னணி இல்லாத ஒரு பிஎன்ஜி: இருட்டுத் தீமில் பார்த்தால் கோடே காணாமல் போயிருக்கும், படத்தின் அடியில் ஒரு வெளிர் நிறம் வையுங்கள். வெள்ளையில் சிவப்புக் கோடு போட்ட ஒரு படம்: ஜேபெக்காக மாற்றும்போது நிறத் தகவலைக் குறைப்பதால் சிவப்பு ஓரம் கசிந்து நிற்கும், தரத்தைக் கூட்டியும் போகவில்லை என்றால் நிறக் குறைப்பை நிறுத்தும் அமைப்பைத் தேடுங்கள். நீளமான ஒரு காமிக்ஸ் பக்கம்: தம்ப்நெயிலில் நடுவே வெட்டி யாரோ ஒருவரின் மூக்கை மட்டும் காட்டுகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் மொபைலிலும் பாருங்கள், பெரும்பாலானோர் அதில்தான் பார்க்கப்போகிறார்கள்.

ஏற்றும் அளவுக்கு வரம்பு வைக்கத்தான் வேண்டும், ஆனால் கஞ்சத்தனம் வேண்டாம். ஏ4 தாளை 300 டிபிஐயில் திறந்தாலே 2480-க்கு 3508 பிக்சல் வரும், அது உள்ளே போகும் அளவுக்காவது இடம் கொடுங்கள். ஸ்கெட்ச்புக்கை மொபைலில் படமெடுத்துப் போடுபவர்களின் கோப்புக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரம் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதை உங்கள் தளம் தானாகவே நீக்கிவிட வேண்டும். வீட்டு முகவரி படத்தோடு போவது யாருக்கும் தெரியாமலே நடக்கிறது.

பதில் சொல்லும் பழக்கத்தை எப்படி உண்டாக்குவது? எங்கள் தளத்தில் ஒரே ஒரு கறாரான விதி இருக்கிறது: எந்தப் படமும் இரண்டு நாளுக்கு மேல் பதில் இல்லாமல் கிடக்கக் கூடாது. தொடங்கிய ஏழெட்டுப் பேரும் நாள் பிரித்துக்கொள்ளுங்கள். பிஎச்பிபிபியில் பதில் வராதவற்றை மட்டும் காட்டும் பட்டியலே உண்டு, அன்றைய முறைக்காரர் அதைத் திறந்து ஒவ்வொன்றாகப் போக வேண்டியதுதான். "சூப்பர்", "செம" என்பதைப் பதிலாகக் கணக்கில் எடுக்காதீர்கள். படத்தில் ஒரு இடத்தைத் தொட்டுப் பேச வேண்டும், அவ்வளவுதான். "விளக்கு வலப்பக்கம் இருக்கிறது, மூக்கின் நிழலும் வலப்பக்கமே விழுகிறது, தலைமுடியில் சரியாக வந்திருக்கிறது" என்று மூன்றே துண்டு எழுதினால் போதும், அவர் அடுத்த பத்து நிமிடத்தில் லேயரை (படத்தின் அந்த அடுக்கை) திறந்திருப்பார்.

படம் போடுபவரும் கொஞ்சம் உதவ வேண்டும். ஏற்றும் இடத்திலேயே மூன்று தேர்வுகள் வையுங்கள்: சும்மா பார்க்க, திருத்தம் சொல்லலாம், என் படத்தின் மேல் வரைந்தும் காட்டலாம். மூன்றாவதை அவர் தேர்ந்தெடுக்காதவரை யாரும் அவர் படத்தின் மேல் கோடு போடக் கூடாது. கேட்காமல் திருத்திக் காட்டியதால் மனம் விட்டுப்போய் வரைவதையே நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூடவே "எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்?" என்று ஒரு சின்னப் பெட்டியும் வையுங்கள். அதில் அவர் எழுதும் ஒரு வரியே நல்ல பதில்களை இழுத்துவரும்.

உறுப்பினர் எண்ணிக்கையைத் துரத்தாதீர்கள். இணையக் குழுக்களைப் பற்றி இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதிய கணக்கு ஒன்று உண்டு: நூறு பேரில் 90 பேர் பார்ப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது பங்கெடுப்பார்கள், ஒருவர்தான் தொடர்ந்து போடுவார். சின்ன இடத்தில் இந்தக் கணக்கு கொஞ்சம் நல்லபடியாக மாறும், ஆனாலும் பேசாமல் பார்ப்பவர்களே அதிகம் என்று தெரிந்துகொண்டால் மனம் சோராது. அவர்களை வரைய வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி சின்னச் சின்ன வாரப் பயிற்சிகள். ஓவியர் ஜேக் பார்க்கர் 2009-இல் தனக்கென்று தொடங்கிய இங்க்டோபர் (அக்டோபரில் தினம் ஒரு மை ஓவியம் வரையும் சவால்) உலகமெங்கும் பரவியதற்கு ஒரு காரணம், என்ன வரைவது என்ற கேள்வியை அது எடுத்துவிட்டது என்றே நினைக்கிறேன். கட்டுப்பாடு இருந்தால் இன்னும் நல்லது. நாலே நிறத்தில் ஒரு படம் வரையுங்கள் என்று சொல்லுங்கள் (முதல் கேம்பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி நான்கு சாயல்களில்தான் எல்லாவற்றையும் காட்டியது). அல்லது ஒரே பிரஷ், அல்லது அரை மணி நேரம், அல்லது மூன்று வருடத்துக்கு முன் வரைந்ததை மறுபடி வரைவது. பரிசு வைக்காதீர்கள், பரிசு வந்தால் புகாரும் கூடவே வரும்.

விதிமுறைகளைச் சுருக்கமாக, மனிதர் பேசுவது போல எழுதுங்கள். படத்தின் உரிமை வரைந்தவருக்கே. பதிப்புரிமை பற்றிய பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை, வரைந்து முடித்த கணமே உரிமை அவருடையது. தளத்துக்கு நீங்கள் கேட்க வேண்டியது படத்தைக் காட்டவும், அளவு மாற்றிக் காட்டவும் அனுமதி மட்டுமே. அவர் நீக்கினால் அந்த அனுமதியும் போக வேண்டும். இதை வெளிப்படையாக எழுதுங்கள், ஓவியர்கள் இந்தப் பத்தியைத்தான் முதலில் படிப்பார்கள்.

இன்னொருவர் படத்தைத் தன் பெயரில் போட்டதாகப் புகார் வந்தால், பொதுவில் விசாரணை நடத்தாதீர்கள். டின்ஐ போன்ற படத் தேடலில் போட்டுப் பாருங்கள், பிறகு தனியாக எழுதி லேயர்கள் தனித்தனியாக இருக்கும் மூலக் கோப்பையோ, வரைந்த விதத்தைக் காட்டும் டைம்லாப்ஸ் வீடியோவையோ கேளுங்கள். புரோகிரியேட் என்ற ஐபேட் செயலி வீடியோவைத் தானாகவே பதிவு செய்யும், கிரிட்டாவில் ரெக்கார்டரை இயக்கி வைத்திருக்க வேண்டும். இல்லை என்று சொன்னாலும் உடனே குற்றவாளி ஆகிவிடமாட்டார், எல்லோரும் லேயரைச் சேமிப்பதில்லை. தவறான பழி ஒன்று போதும், நல்ல உறுப்பினர் நிரந்தரமாகப் போய்விடுவார்.

ஏஐ படங்களைப் பற்றி முதல் நாளே முடிவெடுங்கள். 2022 டிசம்பரில் ஆர்ட்ஸ்டேஷனின் முகப்பு முழுக்க ஓவியர்கள் ஒரே எதிர்ப்புப் படத்தைப் போட்டு நிரப்பியது, நிர்வாகம் இதில் தெளிவாக இல்லாததால்தான். என் தளத்தில் அனுமதி இல்லை. திருத்தம் சொல்வதற்கு அதில் ஒரு கை வேண்டும், ஒரு முடிவெடுத்த மனிதர் வேண்டும், அது இல்லாத படத்துக்கு நாங்கள் என்ன பதில் எழுதுவது? உறுப்பினர் படங்களை ஏஐ பயிற்சிக்காக இணையத்தைத் துழாவும் ரோபோக்கள் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க, அவற்றுக்கு எது அனுமதி என்று சொல்லும் ரோபோட்ஸ் (robots.txt) கோப்பில் ஜிபிடிபாட், சிசிபாட் போன்ற ரோபோக்களைத் தடுக்கலாம், ஆனால் அது வேண்டுகோள்தான், பூட்டு இல்லை. பூட்டு வேண்டுமென்றால் சர்வரிலேயே மறிக்க வேண்டும், அல்லது பெரிய அளவுப் படத்தை உள்நுழைந்தவர்களுக்கு மட்டும் காட்ட வேண்டும். ஓவியரின் பாணியை ஏஐ நகலெடுப்பதைக் கடினமாக்கும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிளேஸ் கருவியை விரும்புபவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளட்டும், கட்டாயப்படுத்தாதீர்கள்.

வயது வந்தோருக்கான படங்களைப் பற்றியும் அப்படியே முதல் நாளே முடிவெடுங்கள். வரும் உறுப்பினர்களில் பள்ளிப் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள், வயதைச் சரிபார்க்க உங்களால் முடியாது என்றால் அந்தப் படங்களே வேண்டாம் என்று தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். முதலில் விட்டுவிட்டுப் பிறகு தடுத்தால் ஆட்கள் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள், 2018 டிசம்பரில் டம்ப்ளர் தடுத்தபோது அதுதான் நடந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் சில நாள் யாருக்கும் தனிச்செய்தி அனுப்ப முடியாதபடி வைப்பதும் நல்லது, ஸ்பேமும் குறையும்.

பேக்கப்: தரவுத்தளம் வேறு, படங்கள் இருக்கும் ஃபோல்டர் வேறு. பலர் முதலாவதை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு இடத்தில். மாதம் ஒரு முறை அந்தப் பிரதியிலிருந்து தளத்தை வேறொரு கணினியில் எழுப்பிப் பாருங்கள், எழுந்தால்தான் அது பேக்கப். சர்வர் மாற்றியபோது தொலைந்தது என்று 2019-இல் மைஸ்பேஸ் என்ற பழைய சமூக வலைத்தளம் அறிவித்தபோது பல வருடப் பாடல்களும் படங்களும் ஒன்றாகப் போயின, உறுப்பினர்களில் எத்தனையோ பேரிடம் வேறு பிரதியே இல்லை.

செலவை விளம்பரம் போட்டுச் சமாளிக்காதீர்கள், படத்துக்குப் பக்கத்தில் மின்னும் பெட்டி படத்தைக் கொன்றுவிடும். கணக்கைத் திறந்து காட்டி நன்கொடை கேளுங்கள், சின்னத் தளத்துக்கு அது பெரும்பாலும் போதும். டொமைன், சர்வர், பேக்கப் மூன்றின் கடவுச்சொற்களும் நம்பிக்கையான இன்னொருவரிடம் இன்றைக்கே இருக்கட்டும். உறுப்பினர் எவரும் தன் படங்களையும் அதற்கு வந்த பதில்களையும் ஒரே சொடுக்கில் இறக்கிக்கொள்ள ஒரு பொத்தானும் வையுங்கள். வாரத்தில் ஒரு நாள் நீங்கள் தளத்தின் பக்கமே போகாமல் இருங்கள், அன்றைய முறை வேறு ஒருவருக்கு. அந்த நாளில் நீங்களும் வரைந்து, மறுநாள் காலை, மற்றவர்களைப் போலவே, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று அந்தப் பெட்டியில் எழுதி ஏற்றுங்கள்.