பழைய கம்ப்யூட்டருக்கு வைஃபை டாங்கிள் வாங்கப் போறீங்களா, கொஞ்சம் நில்லுங்க

வீட்ல பத்து வருஷப் பழைய டெஸ்க்டாப் ஒண்ணு சும்மா கிடக்குதேன்னு இருக்கறதுலயே விலை கம்மியா ஒரு வைஃபை டாங்கிள் (யூஎஸ்பில சொருகினா வைஃபை பிடிக்கற குட்டி கருவி) வாங்கி சொருகினேன், ஒண்ணுமே வரல. டிரைவர் (அந்த டாங்கிளை கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்கற சாஃப்ட்வேர்) எங்கடான்னு பார்த்தா டப்பாக்குள்ள ஒரு குட்டி சிடி, நம்ம சிடி டிரைவ் செத்து எத்தனையோ காலம் ஆச்சு. நெட்ல இறக்கலாம்னா, நெட்டுக்குத்தானே சாமி இந்த டாங்கிளே! அப்புறம்தான் உறைச்சுது, ஆண்ட்ராய்டு போனை கேபிள்ல மாட்டி யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணா கம்ப்யூட்டருக்கு நெட் வந்துடும், அதுல டிரைவரை இறக்கிக்கலாம்.

நிறைய பேர் ஏமாறுறது டப்பா மேல இருக்கற வேக நம்பர்லதான். 1300 எம்பிபிஎஸ்னு போட்டிருக்கும், அது வைஃபை ஓடற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைல 400, 5 கிகாஹெர்ட்ஸ்ல 867, ரெண்டையும் கூட்டி ரவுண்டு பண்ணது, ஆனா ஒரு நேரத்துல ஒண்ணுலதான் கனெக்ட் ஆகும். அதுலயும் பழைய மெஷின்ல யூஎஸ்பி 2.0 போர்ட்டுதான்னா அதோட உச்சமே 480, அதுவும் பேப்பர்லதான். அதுக்கு ஏசி600 (ரெண்டு அலைவரிசையும் கூட்டி 600 எம்பிபிஎஸ்னு போட்ட ரகம்) வாங்கினாலே போதும், மிச்ச காசுக்கு ரேம் போடுங்க. அதுக்காக 2.4 மட்டும் இருக்கற 150 எம்பிபிஎஸ் டாங்கிளுக்கும் போயிடாதீங்க, அபார்ட்மென்ட்ல அக்கம்பக்கத்து ரூட்டர் எல்லாம் அதுலதான் முட்டி மோதிட்டு இருக்கும், ஒண்ணோட ஒண்ணு இடிக்காத சேனல் மூணே மூணுதான். உங்க ரூட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கான்னும் பாத்துக்கோங்க, இல்லன்னா காசு வேஸ்ட்.

விண்டோஸ் 7-லயே இருக்கீங்களா? அதுக்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோட கைகழுவிடுச்சு, புது வைஃபை 6 டாங்கிள் நிறையத்துக்கு விண்டோஸ் 10, 11-க்கு மட்டும்தான் டிரைவர் வருது. லினக்ஸ்காரங்க மாடல் பேரை நம்பாதீங்க, டிரைவர் சிப்பைப் பொறுத்துத்தான், அதனால உள்ள என்ன சிப்னு பாருங்க. டிபி-லிங்க் TL-WN722N மாடலை எடுத்துக்கோங்க, வெர்ஷன் 1-ல ஏதராஸ் சிப், வெர்ஷன் 2-ல ரியல்டெக், பேரு மட்டும் அதேதான்.

வாங்கினப்புறம் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. நகம் சைஸ் டாங்கிளை மேஜைக்கு அடியில இருக்கற சிபியு பின்னாடி சொருகிட்டு சிக்னலே வரலன்னு புலம்புறது, முன்னாடி தகர டப்பா மறைச்சா எப்படி வரும்? ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு மேஜை மேல வைங்க.

லேப்டாப்ல உள்ள இருக்கற வைஃபை கார்டையே மாத்தலாம்னு கழட்டறவங்க ஒரு நிமிஷம், பழைய ஹெச்பி, லெனோவோ சிலதுல பயாஸ் (ஆன் பண்ணதும் முதல்ல ஓடற உள் புரோகிராம்) தனக்குத் தெரிஞ்ச கார்டைத் தவிர வேற போட்டா லேப்டாப் ஸ்டார்ட்டே ஆகாது.