கிராஃபிட்டி எழுத்து வகைகள்: ஒரே சொல்லை வைத்துப் பழகும் முறை

சுவர்களில் எழுதி வரையும் கலையான கிராஃபிட்டியின் வகைகளைப் படங்களில் பார்த்துப் பெயர் சொல்லப் பழகுவதைவிட, ஒரே சொல்லை ஒவ்வொரு வகையிலும் எழுதிப் பார்ப்பதே நல்லது; ஏனெனில் 1970களின் நியூயார்க்கில் இவற்றுள் பெரும்பாலானவை ஒன்றிலிருந்து ஒன்றாக வளர்ந்தவை. தொடங்குவதற்குப் பென்சில், தடித்த மார்க்கர், ஒரு வெளிர் நிறம், ஒரு கருநிறம், சாதாரணத் தாள் ஆகியவை போதும்; பின்வரும் படிகளில் இன்னும் சில நிறங்களும் கெட்டி அட்டையும் தேவைப்படும். பயிற்சிக்குப் ‘படம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்.

படி 1: டேக். இது ஒரே நிறத்தில் விரைந்து இடும் கையொப்பம். செய்திகளைக் கொண்டுசேர்க்கும் வேலையில் இருந்த ஓர் இளைஞர், தாம் செல்லும் இடமெல்லாம் ‘டாக்கி 183’ என்று எழுதிவர, 1971இல் நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றிச் செய்தி வெளியிட்டது; 183 என்பது அவர் வசித்த தெருவின் எண். மார்க்கரைக் கூடியவரை எடுக்காமல், கையின் வேகம் எழுத்தில் தெரியும்வரை சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள்; பின்னர் அவர்களுடைய பெரிய ஓவியங்களிலும் கோடு தயங்குகிறது.

படி 2: குமிழ் எழுத்து. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த ஃபேஸ் 2 என்ற கிராஃபிட்டிக் கலைஞர் 1972 வாக்கில் உருவாக்கியது இது. பென்சிலால் சொல்லை மெல்லிதாக எழுதி, ஒவ்வொரு கோட்டையும் சுற்றி விரல் அகலத்திற்குப் புறக்கோடு வரைந்து, முனைகளை எல்லாம் உருட்டிவிட்டு, உள்ளே உள்ள பென்சில் கோட்டை அழியுங்கள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி நிற்கட்டும். ‘ம்’ எழுத்தின் உள்வெளியைச் சிறு துளையாகச் சுருக்குங்கள். மேலுள்ள புள்ளி ஒரு முழுக் குமிழாகலாம். வெளிர் நிறத்தை நிரப்பிக் கருநிறத்தால் புறக்கோடு இட்டால், அதுவே ‘த்ரோ-அப்’ எனப்படும் விரைவு வகை.

படி 3: பீஸ். இது பல நிறங்களில் நிதானமாக வரையும் பெரிய ஓவியம். புறக்கோட்டை நேராக்கி, பல நிறங்கள் சேர்த்து, நிழல் கொடுங்கள். நிழல் கீழ் இடப்பக்கம் விழுவதாகத் தீர்மானித்தால், எல்லா எழுத்துக்கும் அப்பக்கமே விழ வேண்டும்.

படி 4: வைல்ட்ஸ்டைல். இங்கே எழுத்துகள் பின்னிப் பிணைந்து, அம்புகள் முளைத்து, பழக்கமில்லாத கண்ணுக்குப் படிக்க முடியாதவையாகின்றன. ஆயினும் முதலில் நேராக நிற்கும் ‘படம்’ ஒன்றை வரைந்துகொண்டு, ‘ப’வின் வலக்காலை ‘ட’வின் அடிக்கோட்டுக்குக் கீழே நுழைத்து, அந்த அடிக்கோட்டின் நுனியை அம்பாக நீட்டுவது போல, ஒவ்வொரு மாற்றத்தையும் எழுத்தின் ஏதேனும் ஓர் உறுப்பிலிருந்தே கிளைக்கச் செய்ய வேண்டும். எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட அம்பு, என் பார்வையில், வெறும் அலங்காரம்.

படி 5: ஸ்டென்சில். வெட்டிய அட்டையின் வழியே நிறத்தைப் பதிக்கும் இது வேறொரு மரபு. பாரிஸில் பிளெக் லெ ராட் என்ற கலைஞர் 1981 முதல் சுவர்களில் எலிகளை இம்முறையில் பதித்தார். கெட்டி அட்டையில் சொல்லை வெட்டும்போது ‘ம்’ எழுத்தின் மூடிய உட்பகுதி கழன்று விழுந்துவிடும். ஆகவே அதை அட்டையோடு இணைக்கும் குறுகிய பாலம் ஒன்றை வெட்டாமல் விடுங்கள்.

சுவருக்குச் செல்லும்முன் உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். வண்ணத்தின் ஆவியைத் தடுக்கும் முகக்கவசம் அணியுங்கள். ஸ்ப்ரே டப்பாவைச் சுவருக்கு அருகில் பிடித்து விரைவாக நகர்த்தினால் கூர்மையான கோடும், தள்ளிப் பிடித்தால் அகன்ற மங்கலான கோடும் கிடைக்கும். நிறத்தை முதலில் நிரப்பி, அது உலர்ந்தபின் புறக்கோட்டை இடுங்கள்.