பாடி ஏறியிருக்கு, எடை இறங்கலையா? முதலில் இஞ்ச் டேப்பை எடுங்கள்

வடசென்னையில் வியாசர்பாடியிலோ ராயபுரத்திலோ எந்த ஜிம்முக்குப் போனாலும் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். நெஞ்சும் தோளும் நன்றாக ஏறியிருக்கும், தொப்பை மட்டும் பாக்கி. முதல் இரண்டு மாதம் மளமளவென இறங்கிய எடை, 84 கிலோவில் வந்து அப்படியே நின்றுவிடும். உடனே ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு டிரெட்மில்லில் ஏறிவிடுகிறார்கள். தசை இருப்பவர்கள் அதை மட்டும் செய்யாதீர்கள். கொழுப்போடு தசையும் சேர்ந்தே போகும்.

படி 1: நின்றது எடையா, கொழுப்பா?

காலையில் எழுந்து பாத்ரூம் போய்விட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் எடை பாருங்கள். ஹார்பரிலோ கம்பெனியிலோ நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், தூங்கி எழுந்ததும் பார்க்கலாம். ஏழு நாள் எடையையும் கூட்டி 7-ஆல் வகுத்தால் அந்த வாரத்துச் சராசரி. ஒரு நாள் எடையை நம்பவே கூடாது. சனிக்கிழமை ராத்திரி அத்தோ (பர்மா நூடுல்ஸ்), ஞாயிறு பிரியாணி என்று போனால் திங்கள் காலை ஒரு கிலோ கூடத்தான் காட்டும். உப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். அரிசியும் மைதாவும் தசைக்குள் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கூடவே இழுக்கும். தசை அதிகமென்றால் இந்த ஏற்ற இறக்கமும் அதிகம். புதிதாக கிரியேட்டின் (ஜிம்மில் பலர் எடுக்கும் சப்ளிமென்ட்) ஆரம்பித்தவர்களுக்கு 1–2 கிலோ கூடுவதும் தண்ணீர்தான்.

வாரம் ஒருமுறை, மூச்சை இயல்பாக விட்டபின், தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். வயிற்றை எக்கினால் அளவு வீண். மூன்று வாரச் சராசரி எடை அசையவில்லை, ஆனால் இடுப்பு ஒரு சென்டிமீட்டராவது குறைந்திருக்கிறது என்றால் கொழுப்பு போய்க்கொண்டுதான் இருக்கிறது, எதையும் மாற்றாதீர்கள். இரண்டுமே நகரவில்லை என்றால்தான் அடுத்த படி.

பிஎம்ஐ (உயரத்தை வைத்து எடையைப் பார்க்கும் கணக்கு) பார்த்துப் பயப்பட வேண்டாம். 172 செ.மீ. உயரமும் 84 கிலோவும் இருந்தால் அது 28.4 என்று வரும். இந்தியர்களுக்கு 25-க்கு மேல் உடல்பருமன் என்பது கணக்கு. அந்தக் கணக்குக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். ஆனால் இடுப்பு 90 செ.மீ. தாண்டிய ஆண், "எனக்கு எல்லாம் மசில்" என்று சொல்லிக்கொள்வதும் எடுபடாது.

படி 2: தினமும் 250–300 கலோரி மட்டும் குறையுங்கள்

எடை குறைந்த உடம்புக்குச் செலவும் குறைவு. இரண்டு மாதம் முன்பு எடையை இறக்கிய அதே சாப்பாடு, இப்போது சரிக்குச் சரியாகிவிட்டது. இதோடு சாப்பாட்டு அளவும் தெரியாமல் மெல்லக் கூடியிருக்கும். தேட வேண்டிய இடங்கள் மூன்று.

எண்ணெய்: ஒரு லிட்டர் பாக்கெட் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? நாலு பேருக்கு 10 நாள் என்றால் ஆளுக்குத் தினம் 25 மில்லி, அதாவது 200 கலோரிக்கு மேல். ஒரு டேபிள்ஸ்பூன் குறைத்தாலே 120 போகும். மீனை வறுக்காமல் குழம்பில் போடுவது இதற்குச் சுலபமான வழி.

டீ: நாளைக்கு மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதில் மட்டும் சுமார் 100 கலோரி. கடையில் "சக்கர இல்லாம" என்று சொல்லிவிடுங்கள்.

சோறு: வடித்த சோறு 100 கிராம் சுமார் 130 கலோரி. சமையலறைத் தராசு வாங்கி ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள். நம் கண் அளவு பெரும்பாலும் குறைத்தே சொல்லும்.

இந்த மூன்றில் இரண்டில் கைவைத்தால் போதும். சோற்றை அடியோடு நிறுத்தினால் நாலே நாளில் 2 கிலோ இறங்கும். அது தண்ணீர், ஒரு நாள் சாப்பிட்டதும் திரும்பி வந்துவிடும்.

படி 3: புரதத்தை ஏற்றுங்கள்

தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 முதல் 2 கிராம்; 84 கிலோவுக்குச் சுமார் 135–168 கிராம். 3 முட்டை (18 கிராம் புரதம்), சுத்தம் செய்த மீன் 200 கிராம் (38), எலும்பில்லாத கோழி 150 கிராம் (34), காய்ந்த மீல்மேக்கர் (சோயா) 50 கிராம் (26), ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் (13). மிச்சம் பருப்பிலும் தயிரிலும் வந்துவிடும். காசிமேட்டில் வாங்கும்போது கவனம்: தலையும் குடலும் போனபின் உள்ள எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை, கானாங்கெளுத்தியும் மத்தியும் இதே புரதத்தைத் தரும்.

படி 4: வெயிட்டைக் குறைக்காதீர்கள்

"கட்டிங்" (கொழுப்பைக் குறைக்கும் காலம்) என்றதும் லேசான வெயிட்டில் 25 ரெப் (முறை) அடிப்பது பழைய நம்பிக்கை. கனமான வெயிட் தூக்கும்வரைதான் உடம்பு அந்தத் தசையை வைத்துக்கொள்ளும். பெஞ்சில் 70 கிலோ 6 ரெப் போடுபவர் அதையே போடட்டும்; களைப்பாக இருந்தால் செட்டைக் குறைக்கலாம். இரண்டு வாரத்தில் 70 என்பது 63 ஆகிவிட்டால் சாப்பாட்டை அதிகமாக வெட்டிவிட்டீர்கள், 150 கலோரி திருப்பிச் சேருங்கள். பிளாஸ்டிக் கவர் கட்டிக்கொண்டு ஓடுவது நம்ம ஊர்ப் புழுக்கத்தில் ஆபத்து, பலனும் வெறும் வியர்வைதான்.

படி 5: நடை

டயட்டில் இருப்பவர் தன்னையறியாமல் அசைவதைக் குறைத்துக்கொள்வார். போனில் அடிகளைப் பாருங்கள்; இப்போதுள்ளதைவிட 2,500 கூட்டினால் போதும். மெட்ரோவில் வருபவர்கள் தண்டையார்பேட்டைக்கு முன்பே தியாகராயா கல்லூரியில் இறங்கி நடக்கலாம். கன்டெய்னர் லாரி ஓடும் சாலையோரம் வேண்டாம். பெரம்பூர்க்காரர்களுக்கு முரசொலி மாறன் பூங்கா இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு நகராவிட்டால்

மூன்று வாரம் பொறுங்கள். வாரத்துக்கு 400 கிராம் இறங்கினாலே நல்ல வேகம். தொடர்ந்து 12 வாரம் டயட்டில் இருந்தவர் என்றால், எடை ஏறாமல் நிற்கும் அளவுக்கு 10–14 நாள் சாப்பிடுங்கள். கூட்டுவது சோறாகவே இருக்கட்டும். பிறகு படி 2-க்குத் திரும்புங்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சோற்றையோ புரதத்தையோ மாற்றும் முன் டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.